பழைய புகைக்கூட்டுக்குள் குழாய் இறக்கும்போது

கொழும்பின் பழைய வீட்டுக் குசினிகளில் செங்கல் புகைக்கூடு இருந்தால், புது விறகடுப்பின் புகையை நேரே அதற்குள் விடவேண்டாம். அகன்ற கூட்டில் புகை ஆறிக் கரிப்பிசினாகப் படியும். பிறகு தீப்பிடிப்பது அதுதான். கூட்டை முதலில் துலக்கி, அதற்குள் தனிக் குழாயொன்றை இறக்குங்கள். அடுப்பின் புகை வெளியேறும் வாய் 6 அங்குலமென்றால் உள்ளே இறக்கும் குழாயும் 6 அங்குலமே. கடற்காற்றுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. நாகம் பூசிய தகரம் மலிவுதான், ஆனால் சூட்டில் பூச்சுப் போய்த் துருவேறும்.

குழாய்த் துண்டுகளைப் பொருத்தும்போது மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் நுழையவேண்டும். மாற்றிச் செருகினால் பிசின் மூட்டுவழியே வெளியே வழியும். உச்சியில் மழைமூடி கட்டாயம். 3 மீற்றருக்குள் உள்ள கூரையைவிடக் குழாய் 60 சென்ரிமீற்றராவது உயர்ந்து நிற்கட்டும். இல்லாவிட்டால் காற்றடிக்கும்போது புகை குசினிக்கே திரும்பும்.