மிஷ்டெக் தொனியைப் பிடிப்பது எப்படி: களத்தில் முதல் மாதம்

மெசோஅமெரிக்க (மெக்சிகோவும் அதை ஒட்டிய மத்திய அமெரிக்காவும்) மொழிகளை ஆராய வருபவர்கள் பெரும்பாலும் வினைச்சொல் அட்டவணையில் தொடங்குகிறார்கள். கிச்சே, காக்சிகெல் போன்ற மாயன் மொழிகளுக்கு அது பொருந்தும். மிஷ்டெக், ஸப்போடெக், மஸடெக் அடங்கிய ஓட்டோமாங்கே குடும்பத்தில் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம், பிடிபடாமல் நிரப்பிய குறிப்பேட்டை ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுத வேண்டிவரும். மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் உள்ள சான் மிகேல் எல் கிராண்டே ஊர் மிஷ்டெக்கில் 'யுக்கு' என்பதன் இரண்டு அசைகளையும் நடுத்தொனியில் சொன்னால் மலை. இரண்டாவதைத் தாழ்த்தினால் புதர். தமிழில் குரலின் ஏற்றம் கேள்வியையும் வியப்பையும் காட்டும், சொல்லை மாற்றாது. அதனால் நம் காது முதலில் இதைப் பேசுபவரின் மனநிலை என்றே எடுத்துக்கொள்ளும்.

ஸ்பானிஷ் தடையின்றிப் பேசவராமல் கிளம்பாதீர்கள். எந்த ஊரின் பேச்சு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மெக்சிகோ அரசின் 2008 பட்டியலில் உள்ள 364 மொழி வகைகளில் மிஷ்டெக்குக்கு மட்டுமே 81. பக்கத்து ஊரின் தொனி வேறாக இருக்கலாம். ஊர் நிர்வாகத்திடம் நேரில் போய் அனுமதி கேளுங்கள். ஊர்ச்சபையில் பேசச் சொன்னால் அங்கேயும் பேசுங்கள். மொழி சொல்லித்தருபவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுங்கள். அது அவருடைய உழைப்பு.

பதிவுக்குத் தலையில் மாட்டும் மைக் வேண்டும். வாயின் ஓரத்திலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சுக்காற்று இரையும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 எம்பி பிடிக்கும். தகரக் கூரையும் மழையும் சேர்ந்தால் அன்று பதிவு செய்யாதீர்கள். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். களைத்த குரலில் தொனிகளின் இடைவெளி சுருங்கிவிடும்.

முதலில் ஈரசைப் பெயர்ச்சொற்கள் மட்டும், 200 வரை. ஸ்பானிஷிலிருந்து வந்தவற்றையும் கூட்டுச்சொற்களையும் விலக்குங்கள். உயர், நடு, தாழ் என மூன்று தொனி, இரண்டு அசை என்றால் ஒன்பது சேர்க்கைகள் சாத்தியம். எல்லாமே மொழியில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சொற்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் ஒவ்வொன்றின் முடிவிலும் குரல் இயல்பாகவே தாழும். அதைத் தாழ்தொனி என்று குறித்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இதற்கு மாற்றாக அமெரிக்க மொழியியலாளர் கென்னத் பைக் 1948இல் விளக்கிய வழி இன்றும் உதவுகிறது: சட்டக வாக்கியம். ஒரே வாக்கியத்தில் ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு, சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்துவது. காலியிடத்துக்கு முன்னும் பின்னும் மாறாத சொற்கள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூன்று முறை பதிந்து நடுவில் உள்ளதை அளவிடுங்கள்.

பின்னால் வரும் சொல்லையும் கவனியுங்கள். மிஷ்டெக்கின் சூட்சுமம் அங்கேதான். சான் மிகேலில் 'போ', 'தின்' இரண்டும் 'கேஏ'தான். தனியாகச் சொன்னால் இரண்டுமே நடுத்தொனி, வேறுபாடே தெரியாது. குழந்தை என்ற பொருளுள்ள 'சுச்சி'யை அடுத்து வையுங்கள்: 'போ'வுக்குப் பின் அது தன் தாழ்-உயர் தொனியிலேயே நிற்கும், 'தின்'னுக்குப் பின் முதல் அசையும் உயர்ந்துவிடும். ஒரு சொல்லின் தொனி அந்தச் சொல்லுக்குள்ளேயே முடிந்துவிடுவதில்லை. ஆகவே குறைந்தது இரண்டு சட்டகங்கள் வேண்டும், ஒன்று சொல் எப்படி மாறுகிறது என்று பார்க்க, மற்றது சொல் எதை மாற்றுகிறது என்று பார்க்க.

பிறகு சொற்களை அட்டைகளில் எழுதி அல்லது படமாக வரைந்து, ஒரே இசையில் ஒலிப்பவற்றை மொழி சொல்லித்தருபவரையே குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தயங்கும் இடத்தில் சீட்டியடித்துக் காட்டச் சொல்லலாம். மெய்யும் உயிரும் மறைந்து தொனி மட்டும் மிஞ்சும். உங்கள் காதைவிட அவர் பிரித்த குவியலை நம்புங்கள்.

பேச்சொலியை அளக்கும் ப்ராட் மென்பொருளில் சரிபார்க்கும்போது சுருதி எல்லையை ஆண் குரலுக்கு 75 முதல் 300 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 முதல் 500 என வைத்துத் தொடங்குங்கள். குரல்வளை இறுகும் உயிர்களில் கோடு அறுந்துபோகும் அல்லது சட்டென்று பாதியாக விழும். அது தொனி அல்ல, கருவியின் தடுமாற்றம்.

குவியல்கள் வேறு மூன்று நான்கு பேரிடமும் நிலைத்த பிறகே வினைக்குப் போங்கள். அங்கே நடந்துகொண்டிருக்கும் செயலையும் இனி நடக்கப்போவதையும் பல இடங்களில் தொனி ஒன்றே பிரிக்கும்.

பதிவுகளை ஊருக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, லத்தீன் அமெரிக்கப் பழங்குடி மொழிகளுக்கான டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஐலா காப்பகம் போன்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள். யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்பதைப் பேசியவரிடம் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.