லினக்ஸில் விளையாடத் தொடங்குவது எப்படி? முதலில் உங்கள் பட்டியலை எடுங்கள்

விண்டோஸிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸின் எந்த வகையை, நிறுவலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். விளையாட்டுக்காக மாறுகிறவர் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். நீங்கள் தினமும் திறக்கும் விளையாட்டுகள் எவை என்பதைப் பொறுத்தே இந்த மாற்றம் இனிக்குமா கசக்குமா என்பது முடிவாகும்.

வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம் 2013 பிப்ரவரியிலேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது. ஆனாலும் லினக்ஸுக்கென்று தனியாக எழுதப்பட்ட விளையாட்டுகளை மட்டுமே அதில் ஆட முடிந்தது. அவை சொற்பம். 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருள் அந்த நிலையை மாற்றியது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்குவதற்காக 1993இல் தொடங்கிய ஒயின் திட்டம்தான் புரோட்டானுக்கு அடித்தளம். விண்டோஸ் விளையாட்டு ஒன்று திரையில் வரையச் சொல்லி விண்டோஸின் வரைகலை மொழியான டைரக்ட்எக்ஸ் மூலம் கட்டளையிடும்போது, அதை டிஎக்ஸ்விகே, விகேடி3டி ஆகிய நிரல்கள் லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளையாக மாற்றிக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கின்றன. இது உடனுக்குடன் நடப்பதால் பல விளையாட்டுகளில் வேக வித்தியாசமே தெரிவதில்லை. 2022இல் லினக்ஸில் இயங்கும் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் விற்பனைக்கு வந்தபின், தயாரிப்பாளர்களும் இதை மனத்தில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

படி 1: பட்டியலைச் சோதியுங்கள்

கடந்த சில மாதங்களில் விளையாடியவற்றையும் இனி விளையாட விரும்புபவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு புரோட்டான்டிபி என்ற தளத்தில் ஒவ்வொன்றையும் தேடுங்கள். விளையாடியவர்களே தரும் அறிக்கைகள் அங்கே குவிந்திருக்கின்றன. பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்திருப்பார்கள். அந்தப் பதக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அண்மைய அறிக்கைகளைப் படியுங்கள்; அவற்றிலும் உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் எழுதியதைத் தேடிப் படியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய புகார் இன்று பொருந்தாமல் போயிருக்கலாம்.

தனியாளாக ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை தேறிவிடும். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் போன்ற பெரிய விளையாட்டுகள் புரோட்டானில் நன்றாகவே ஓடுகின்றன. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே உண்டு.

தடை இருப்பது இணையப் போட்டி விளையாட்டுகளில். ஏமாற்றுவோரைப் பிடிக்கும் ஆன்டி-சீட் மென்பொருள்தான் காரணம். வாலரண்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆகியவற்றின் வான்கார்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் உள்ளேயே அமர்ந்து வேலை செய்வது. லினக்ஸில் அந்தக் கெர்னல் இல்லாததால் அவை ஓடுவதில்லை. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அந்த ஏற்பாட்டைத் தம் விளையாட்டில் இயக்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். எல்டன் ரிங்கில் இயக்கியிருக்கிறார்கள். ஈசி ஆன்டி-சீட்டின் உரிமையாளரான எபிக் நிறுவனமோ தன் ஃபோர்ட்நைட்டில் இன்னும் இயக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. 2024 இறுதியில் லினக்ஸ் ஆட்டக்காரர்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். தொழில்நுட்பம் கைகூடிய இடத்திலும் ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது. உங்கள் பட்டியலின் உயிர்நாடி இப்படிப்பட்ட விளையாட்டு என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: டிஸ்ட்ரோவும் டிரைவரும்

பட்டியல் தேறியதா? இனி டிஸ்ட்ரோ. முதன்முறையாக வருகிறவருக்கு லினக்ஸ் மின்ட் எளிது. விளையாட்டுதான் முழு நோக்கம் என்றால் பஸைட் (Bazzite) என்ற டிஸ்ட்ரோவைப் பாருங்கள்; ஸ்டீம் அதில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். எதைத் தேர்ந்தாலும் சரி, அதன் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கி பலேனா எட்சர் போன்ற கருவியால் யுஎஸ்பியில் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்த பிறகே நிறுவத் தொடங்குங்கள்.

ஏஎம்டி அல்லது இன்டெல் கிராபிக்ஸ் என்றால் டிரைவருக்காக, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளுக்காக, எதுவும் செய்ய வேண்டியதில்லை. கெர்னலும், கிராபிக்ஸ் மென்பொருளான மேசாவும் டிஸ்ட்ரோவோடு சேர்ந்தே வருகின்றன. அவ்வப்போது வரும் புதுப்பிப்புகளை நிறுவினால் போதும். என்விடியா வைத்திருப்பவர்கள் மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்ற குறிப்புள்ள டிரைவரைத் தேர்ந்து நிறுவி, கணினியை மறுபடி தொடக்க வேண்டும். கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தின்போது நீலத் திரையில் அதையே கேட்கும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, விளையாட்டு நத்தை வேகத்தில் ஊரும்.

படி 3: ஸ்டீமும் புரோட்டானும்

மென்பொருள் மேலாளரில் ஸ்டீமைத் தேடி நிறுவி, கணக்கில் நுழையுங்கள். செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தைத் திறந்து, எல்லா விளையாட்டுகளுக்கும் ஸ்டீம் பிளே என்ற தேர்வு தென்பட்டால் இயக்குங்கள். அண்மைய ஸ்டீமில் இது தானாகவே இயங்கியிருக்கும். பிறகு வழக்கம்போல இன்ஸ்டால், பிளே. அவ்வளவுதான்.

முதன்முறை பிளே அழுத்தியதும் வல்கன் ஷேடர்களை, அதாவது காட்சியை வரைய உதவும் சிறு நிரல்களை, தயார் செய்வதாக ஒரு சிறு சாளரம் வரக்கூடும். சதவீதம் மெல்ல ஏறும். அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானும் அங்கேயே இருக்கும். பொறுத்திருங்கள் என்பதே என் ஆலோசனை. இப்போது தயாராகாத ஷேடரை ஆட்டத்தின் நடுவே தயார் செய்ய நேர்ந்தால் திரை திக்கித் திக்கி நகரும்.

விளையாட்டு திறக்கவில்லையா? பெயரின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், பிறகு கம்பேட்டிபிலிட்டி என்று போனால் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். புரோட்டான் எக்ஸ்பெரிமென்டலை முதலில் முயலுங்கள். லினக்ஸ் பதிப்பு உள்ள விளையாட்டுக்கும் இதே வழி கைகொடுக்கும். பழைய லினக்ஸ் பதிப்புகள் பல கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன. அவற்றைவிட விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டுவது மேல்.

படி 4: பழைய விண்டோஸ் வட்டிலிருந்து ஓட்டாதீர்கள்

விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிய விளையாட்டு அந்த வட்டில் இருக்கிறதே, அதையே ஸ்டீமுக்குக் காட்டினால் பதிவிறக்கம் மிச்சமாகுமே என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த வட்டு விண்டோஸுக்கே உரிய என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தனிக் கோப்புறை அமைத்து, அதற்குள் விண்டோஸின் சி டிரைவ் போன்ற ஒன்றை உருவாக்கும். அதற்குப் பக்கத்திலேயே சி, இசட் என்ற எழுத்துகளோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் இரண்டு இணைப்புகளையும் வைக்கும். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆகவே விளையாட்டு திறக்க மறுக்கலாம். விண்டோஸ் பக்கம் போனால் அந்த வட்டில் பிழை இருப்பதாகவும் சொல்லலாம். லினக்ஸுக்கு உரிய எக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் வடிவில் உள்ள பகுதியில் புதிதாக இறக்குவதே நல்லது.

அந்தத் தனிக் கோப்புறை கம்பேட்டேட்டா என்ற பெயரில் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் இருக்கிறது. நேற்றுவரை ஓடிய விளையாட்டு இன்று அடம்பிடித்தால், அதன் எண்ணுள்ள கோப்புறையை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி இயக்குங்கள்; புரோட்டான் புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளும். அழிக்காமல் நகர்த்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேமித்த ஆட்டங்கள் பல நேரம் அதற்குள்தான் இருக்கும். கிளவுடில் சேமிக்காத விளையாட்டு என்றால் உங்கள் உழைப்பெல்லாம் கோப்புறையோடு போய்விடும்.

படி 5: ஸ்டீமுக்கு வெளியே

எபிக், ஜிஓஜி ஆகிய கடைகளில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் கேம்ஸ் லாஞ்சர் போதும். லினக்ஸ் செயலிகளின் இணையக் கடையான பிளாட்ஹப்பில் கிடைக்கிறது. கணக்கில் நுழைந்தால் வாங்கியவை அட்டவணையாக வந்து நிற்கும். ஒயின், புரோட்டான் பதிப்புகளை அதற்குள்ளேயே இறக்கிக்கொள்ளலாம். பிற கடைகளுக்கும் பழைய வட்டுகளில் உள்ள விளையாட்டுகளுக்கும் லூட்ரிஸ் உதவும். அதில் சற்றுக் கைவேலை அதிகம். எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ் கன்ட்ரோலர்களுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, கேபிளைச் செருகினால் போதும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் புரோட்டான்டிபிக்குத் திரும்பிப் போய் உங்கள் அறிக்கையையும் எழுதுங்கள். கிராபிக்ஸ் கார்டு, டிரைவர், புரோட்டான் பதிப்பு மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். ஸ்டீமின் ஹெல்ப் பட்டியலில் உள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் கார்டு, டிரைவர் விவரங்களை நகலெடுத்துக்கொள்ளலாம்.