ஏசி மாட்டும்போதே சர்வீஸுக்கு இடம் விடுங்கள்

ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்டை "கண்ணில் படாத மூலையில்" வைக்கச் சொல்பவர்கள் அதிகம். அந்த மூலைக்குள் ஸ்பானர் நுழையுமா என்று முதலில் பாருங்கள். கேஸ் வால்வுகளும் மின் இணைப்பும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டிவிட்டால் கேஜ் ஹோஸை (கேஸ் அழுத்தம் பார்க்கும் குழாயை) மாட்ட வழியில்லை. சின்ன வேலைக்கும் யூனிட்டையே கழற்ற வேண்டிவரும். வால்வு பக்கம் 50–60 செ.மீ., பின்புறம் 10–15 செ.மீ., ஃபேன் காற்று வெளியேறும் முன்புறம் குறைந்தது 60 செ.மீ. விடுங்கள். உங்கள் மாடலின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் அதையே பின்பற்றுங்கள். மாடிச் சுவரில் மாட்டுவதானால் ஜன்னலோ பால்கனியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கயிற்றில் தொங்கித்தான் சர்வீஸ் செய்ய முடியும் என்ற நிலை உயிருக்கே ஆபத்து.

உள்ளே மாட்டும் யூனிட் மேல்பக்கமாகக் காற்றை இழுக்கிறது. சீலிங்கிலிருந்து 15 செ.மீ. இல்லையென்றால் குளிர்ச்சி குறையும், முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை எடுப்பதும் சிரமம். நேர் கீழே நகர்த்த முடியாத அலமாரி வேண்டாம். உள்ளே இருக்கும் குளிர்விக்கும் காயிலைக் கழுவும்போது, அழுக்குத் தண்ணீரைப் பிடிக்கும் பையைக் கட்ட இடம் தேவை. செம்புக் குழாயின் ஃபிளேர் இணைப்பை (முனையை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பை) சுவருக்குள் வைத்துப் பூசவே கூடாது. கேஸ் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கீசரும் அப்படித்தான். ஹீட்டிங் எலிமென்டும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு கம்பியும் அடிப்பக்கமாக வெளியே வரும் மாடலென்றால், அவற்றின் நீளத்துக்குக் கீழே இடம் விட்டு மாட்டச் சொல்லுங்கள்.