டியூலிப் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்காதீர்கள்

அக்டோபர் பிறந்தால் டொரன்டோவில் நம் வீடுகளில் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வந்துவிடும். ஒரு ராத்திரி பால்கனியில் மறந்து விட்டால் காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும் என்ற பயத்தில், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருவோம். முதல் வருடம் டியூலிப் நட்டபோது அந்தத் தொட்டியையும் சேர்த்தே உள்ளே கொண்டுவந்தேன். கறிவேப்பிலைக்குக் குளிரும் என்றால் இதற்கும் குளிருமே. ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் இரண்டையும் ஜோடியாக வைத்தேன்.

பிப்ரவரியில் வெளிறிப்போன நான்கைந்து இலைகள் வந்தன. பூ வருமென்று தினமும் எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் இலைகளை விலக்கிப் பார்த்தால் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு மொட்டு, காய்ந்து காகிதமாய்க் கிடந்தது. தண்டு எழும்பவே இல்லை.

டியூலிப் விஷயத்தில் நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இப்படிப் பாசத்தால் வருபவை. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பழகிய கை, சூடு கொடுக்கும், தண்ணீர் ஊற்றும், உரம் போடும். டியூலிப்புக்குச் சூடும் உரமும் வேண்டாம், தண்ணீரும் கொஞ்சம் போதும்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கிழங்கைக் கத்தியால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். ஒன்று வீணானாலும் பரவாயில்லை. வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும், நட்டநடுவே ஒரு முளை. செப்டம்பரிலேயே அந்த முளைக்குள் இதழ், மகரந்தக் காம்பு எல்லாம் கடுகளவில் உருவாகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது விதையல்ல, மடித்து வைத்த ஒரு பூ. அதைக் கெடுக்காமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை.

ஹாலந்துப் பூ என்று சொல்கிறோமே தவிர, டியூலிப்பின் சொந்த ஊர் மத்திய ஆசியாவின் தியான்ஷான், பாமீர் மலைப்பக்கம். துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 1593இல் குளூசியஸ் என்ற தாவரவியல் அறிஞர் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் நட்ட பிறகுதான் டச்சுக்காரர்களுக்கு அதன்மேல் பித்துப் பிடித்தது. அந்த மலைகளில் கோடை காய்ந்து கிடக்கும், குளிர்காலம் நீளம், வசந்தம் கொஞ்ச நாள்தான். அதனால் நீண்ட குளிர் ஒன்று கடந்துபோனால்தான் கிழங்கு விழிக்கும். 12 முதல் 16 வாரம், சுமார் 2 முதல் 9 டிகிரி வரை. அந்தக் குளிரில்தான் உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், தண்டு நீளத் தயாராகும். குளிர் கிடைக்காத கிழங்கின் கதை என் ஜன்னலோரக் கதைதான்.

சரி, பாடம் கற்றாயிற்று என்று அடுத்த வருடம் தொட்டியைப் பால்கனியிலேயே விட்டேன். மைனஸ் 20 வந்தது, போனது. நடுவில் இரண்டு நாள் வெயிலடித்து உருகியது, மறுபடி உறைந்தது. ஏப்ரலில் தோண்டிப் பார்த்தால், கிழங்கு இருந்த இடத்தில் அழுகிய உருளைக்கிழங்கு போலக் கூழ்.

எதிர்வீட்டில் தரையில் நட்ட டியூலிப் அதே குளிரைத் தாங்கிப் பூத்திருந்தது. அங்கே கிழங்கு அரை அடிக்குக் கீழே இருக்கிறது, மேலே பனி போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த ஆழத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டியேதான் இருக்கும். தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாலு பக்கமும் காற்று, அடியில் சிமென்ட். ஓரத்தில் இருக்கும் வேர்தான் முதலில் சாகும். ஆகவே தொட்டிக்கு வேண்டியது குளிர், ஆனால் கடுங்குளிர் அல்ல. ஹீட்டர் இல்லாத கராஜ் இருந்தால் அதைவிடச் சிறந்த இடமில்லை. வெளிச்சம்கூடத் தேவையில்லை. தோட்டத்தில் ஒரு மூலை இருந்தால் தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைத்துவிடலாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய தொட்டியாக வாங்கி, அதைத் தெர்மோகோல் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிலும் காய்ந்த இலைச்சருகைத் திணித்து, வீட்டுச் சுவரை ஒட்டி, வெயில் படாத பக்கம் வைக்க வேண்டும். வெயில் படாத பக்கம் என்பது முக்கியம். உறைவதைவிட, உறைந்து உருகி மறுபடி உறைவதுதான் கிழங்கைக் கொல்கிறது. கீழ்த்தளத்தில் கொடுக்கும் லாக்கர் அறையை நம்பாதீர்கள், பெரும்பாலும் அங்கேயும் சூடு ஓடிக்கொண்டிருக்கும். மண்தொட்டியும் வேண்டாம். ஈரம் உறைந்து விரியும்போது விரிசல் விட்டுவிடும், பிளாஸ்டிக்கே மேல்.

நடுகிற நாள்

மே மாதம் ஒட்டாவாவுக்குப் போய் டியூலிப் திருவிழா பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியிலேயே கிழங்கு வாங்கக் கடை ஏறி இறங்குபவர்கள் நிறைய. (இரண்டாம் உலகப்போரின்போது ஒட்டாவாவில் அடைக்கலம் இருந்த டச்சு இளவரசி யூலியானாவுக்கு 1943இல் அங்கேதான் மகள் மார்கிரீத் பிறந்தாள். அந்த நன்றிக்கு 1945இல் ஒரு லட்சம் கிழங்குகள் வந்தன, இன்றும் வருடாவருடம் வருகின்றன.) மே மாதம் கடையில் இருப்பது பூத்து முடியப்போகும் தொட்டிச்செடி. கிழங்கு வருவது செப்டம்பரில்தான்.

செப்டம்பரில் வாங்கியதும் நட்டுவிடுவது அடுத்த தவறு. மண் இன்னும் சூடாக இருக்கும், பூஞ்சை பிடிக்கும், சில சமயம் அவசரப்பட்டு முளையும் வந்துவிடும். டொரன்டோ பக்கம் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை சரியான காலம். எனக்குத் தேதி நினைவில் நிற்காது, தீபாவளி வாரம் என்று வைத்துக்கொண்டேன். முன்னே பின்னே வந்தாலும் தீபாவளி அந்த ஒரு மாதத்துக்குள்தான் வருகிறது. அதுவரை கிழங்கைக் காகிதப் பையில் போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள்.

வாங்கும்போது பையை அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக, கனமாக இருக்க வேண்டும். மேல்தோல் உரிந்திருந்தால் பாதகமில்லை. நீலப்பூஞ்சை லேசாக இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். அமுக்கினால் பொதபொத என்று உள்ளே போவதை மட்டும் தொடாதீர்கள். பையில் கிழங்கின் சுற்றளவு சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். 12, அதற்கு மேல் என்று இருப்பதே வாங்கத் தக்கது. மலிவு விலைப் பைகளில் சின்னது வரும், அதில் சில பூக்காமலே போகும்.

தொட்டியில் ஆழம் குறைவாக நடுவது பலரும் செய்வது. கிழங்கின் உயரம்போல் இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருக்க வேண்டும், வேர் ஓட அடியிலும் இடம் வேண்டும். ஓர் அடி ஆழத் தொட்டி என்றால் கவலையில்லை. நெருக்கமாக நட்டால் என்ன ஆகுமோ என்று நான்கைந்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்றை ஒன்று தொடாமல், ஓர் அடி அகலத் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு வைக்கலாம். மூன்று டியூலிப் மட்டும் நிற்கும் தொட்டி, கூட்டம் வராத கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்.

கூர்நுனி மேலே. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு: கிழங்கின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், முதல் பெரிய இலை அந்தப் பக்கமாகத்தான் வரும். ஓரத்தில் நடும் கிழங்குகளின் தட்டைப் பக்கத்தைத் தொட்டிச் சுவரைப் பார்த்து வைத்தால், இலைகள் வெளியே சாய்ந்து நடுவில் பூக்கள் தனியாக நிமிர்ந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை, ஏப்ரலில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும்.

அணிலும் மிளகாய்த்தூளும்

இந்த ஊர் அணில் நம் ஊர் அணில் இல்லை. முதுகில் மூன்று கோடும் இல்லை, பார்த்தால் இரக்கமும் வராது. நீங்கள் நட்டுவிட்டு உள்ளே போய்க் கைகழுவுவதற்குள் தோண்ட ஆரம்பித்துவிடும். கிளறிய மண்ணைக் கண்டாலே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

நாம் என்ன செய்வோம்? மிளகாய்த்தூள். நானும் அரைக் கிலோ பொட்டலத்தில் பாதியைக் கொட்டினேன். அன்று ராத்திரி மழை பெய்தது, மறுநாள் காலை இரண்டு கிழங்கு காணோம், மூன்றாவது பாதி கடித்தபடி தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. மிளகாய் ஒவ்வொரு மழைக்கும் திரும்பப் போட்டால்தான் பலிக்கும். சாம்பாருக்கே பத்தாது. கோழிக்கூட்டுக்கு அடிக்கிற கம்பிவலையைத் தொட்டி அளவுக்கு வட்டமாக வெட்டி, கிழங்குக்கு மேலே இரண்டு விரல்கடை மண் போட்டபின் பரப்பி, அதற்குமேல் மீதி மண்ணை நிரப்புங்கள். முளை கண்ணிகளுக்கு நடுவே வந்துவிடும், அணிலின் கை உள்ளே போகாது. வலை வெட்டச் சோம்பலென்றால் மேலடுக்கில் டாஃபடில் கிழங்கு நடலாம். அது நச்சு என்று அணிலுக்குத் தெரியும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்ட அன்று அடியில் வழியும்வரை ஊற்ற வேண்டும், வேர் விடுவதற்கு அந்த ஈரம் அவசியம். அதன்பின் கராஜில் மாதம் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஒரு டம்ளர். உறைந்த மண்ணில் ஊற்றவே கூடாது. தொட்டிக்கடியில் தட்டு வைத்தால் கிழங்கு அழுகும். உரம் தேவையில்லை, சாப்பாடு கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. போன வருடத்து டியூலிப் மண்ணையே திரும்ப உபயோகிக்காதீர்கள், இலையைப் பொசுக்கும் பூஞ்சை அதில் தங்கியிருக்கக்கூடும்.

ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு

கோயம்புத்தூரில் இருக்கும் என் அக்கா கேட்டாள், அங்கே வளர்க்க முடியாதா என்று. முடியும். ஒரு தடவை மட்டும். குளிர்காலத்துக்குப் பதில் ஃபிரிட்ஜ். 14 வாரம் காய்கறித் தட்டில் வைத்து, டிசம்பர் கடைசியில் நிழலான இடத்தில் நட வேண்டும். ஏற்கெனவே குளிரூட்டிய கிழங்குகளும் விற்கிறார்கள். அவை வந்து சேர்ந்ததும் அலமாரியில் வைக்காமல் நடுகிற நாள் வரை ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பூ நிதானமாக நிற்கும். சமவெளிச் சூட்டில் மூன்று நான்கு நாளில் இதழ் கொட்டிவிடும், அதற்குத் தயாராக இருங்கள். நான் வரும்போது பெட்டியில் போட்டு எடுத்து வரட்டுமா என்றால், கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுபோவது சட்டப்படி தவறு.

ஃபிரிட்ஜில் வைக்கும்போது அக்கா செய்த தவறு, பக்கத்தில் ஆப்பிள் வைத்தது. வாழைத்தாரைப் பழுக்க வைக்க ஊரில் புகைமூட்டம் போடுவார்களே, அந்தப் புகையில் வேலை செய்வது எத்திலீன் வாயு. பழுக்கும் ஆப்பிளும் வாழையும் அதே வாயுவைத்தான் விடுகின்றன. மூடிய ஃபிரிட்ஜுக்குள் அது கிழங்கில் மடித்து வைத்திருக்கும் பூவைக் கருக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, இலை மட்டும் அழகாக வரும்.

இரண்டாவது ஆபத்து சமையலறையில். காகிதப் பைக்குள் பழுப்புத் தோலோடு உருண்டையாக இருந்தால் அது வெங்காயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அம்மா இங்கே வந்திருந்தபோது உரித்தே விட்டார்கள், வாசனை வரவில்லையே என்று சந்தேகப்பட்டதால் தப்பித்தோம். போர்க்காலப் பஞ்சத்தில், 1944-45 குளிர்காலத்தில், ஹாலந்தில் டியூலிப் கிழங்கைத் தின்றிருக்கிறார்கள். அது வேறு வழியில்லாமல், நடுமுளையை நீக்கிவிட்டுத் தின்றது. கிழங்கு நச்சுள்ளது, நாய் பூனைக்கும் ஆகாது. நிறைய நடும்போது தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

முளை வந்த பிறகு

மார்ச் கடைசியில் முளை இரண்டு அங்குலம் எட்டியதும், ஆசை தாங்காமல் நேரே கணப்படுப்புப் பக்கம் கொண்டுவந்து வைப்பது கடைசி நேரத் தவறு. தண்டு குட்டையாக நின்று, மொட்டு கருகும். முதலில் 15 டிகிரி போல இருக்கும் குளிர்ந்த ஜன்னலில் ஒரு வாரம் இரண்டு வாரம் வையுங்கள். பூத்த பிறகும் சூடு ஆகாது. டியூலிப் சூட்டில் விரியும், குளிரில் குவியும். ராத்திரி பால்கனியில் குவிந்திருந்த பூ, உள்ளே கொண்டுவந்த அரைமணியில் வாயைப் பிளந்துவிடும். சாப்பிட வருபவர்களுக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வெளியே வைத்தால் இரண்டு வாரம்கூட நிற்கும்.

பூ உதிர்ந்ததும் காய் பிடிக்க விடாமல் தலையைக் கிள்ளுங்கள், இலையைத் தொடாதீர்கள். இலை பச்சையாக இருக்கும் ஆறு வாரத்தில்தான் அடுத்த கிழங்குக்குச் சாப்பாடு சேரும். அடுத்த கிழங்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நட்ட கிழங்கு பூத்ததோடு தீர்ந்துபோகும், பக்கத்தில் சேய்க்கிழங்குகள் இருக்கும். வாழை மாதிரிதான், ஆனால் வாழைக்கன்றின் வேகம் இதற்கு இல்லை. தொட்டி மண்ணில் சேய்கள் பட்டாணியும் பாக்குமாகவே நிற்கும், மறுவருடம் ஒற்றை இலையோடு சரி. இதை என் தோல்வி என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். டார்வின் கலப்பின வகையும், குட்டையான காட்டு டியூலிப் வகைகளும் தோட்டத்துத் தரையில் போட்டால் திரும்ப வரும். அடுக்கிதழ், கிளி டியூலிப் எல்லாம் ஒரு வருட விருந்தாளிகள், தொட்டியில் இரண்டாம் வருடத்தை எதிர்பார்க்காமல் புதிதாக வாங்குவதே நல்லது.

ஜூன் நடுவில் இலை வைக்கோல் நிறத்துக்கு வந்து, இழுத்தால் கையோடு வரும். தொட்டியைக் கவிழ்த்து, பெரிய சேய்க்கிழங்குகளைப் பொறுக்கி எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன், அவரிடம் தரை இருக்கிறது. தொட்டி காலியான இடத்தில் வெயில் நன்றாக விழும். உள்ளே எட்டு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற கறிவேப்பிலை அங்கே வரும்.