பழைய பைக் வாங்கும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

பழைய பைக் பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினில் மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்; எளிதில் கிளம்பாத வண்டியை முன்பே உதைத்து எழுப்பி வைத்திருப்பார்கள். ஆறும்வரை காத்திருந்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் லேசான வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். செலவு பெரிது.

அப்புறம், மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் மழமழவென்று தேய்ந்து கிடக்க, மீட்டர் மட்டும் எட்டாயிரம் கிலோமீட்டர் காட்டினால் எப்படி? டயரின் வயதையும் பாருங்கள்; அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரான டயர்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டில் கொக்கி போல வளைந்த பற்கள், இதெல்லாம் பேரம் பேச உதவும். சேசிஸ் எண் பதிவுச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் மட்டும் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.