கரும்பலகையில் வெண்கட்டி வழுக்கினால்

வாகரைப் பக்கம் தரம் 3 வகுப்பைப் பொறுப்பெடுத்த முதல் கிழமை முழுக்க ஒரே சிக்கல்: கரும்பலகையில் வெண்கட்டி பிடிக்கவில்லை. பின்வாங்குப் பிள்ளைகள் ‘ண’வைப் பார்த்து ‘ன’ என்றே எழுதினார்கள். மூன்றாவது சுழி பலகையில் விழவேயில்லை.

கடற்காற்றில் ஈரம் பிடித்திருக்கும் என்று வெண்கட்டியை வெயிலில் காயவைத்தேன். பயனில்லை. புதுப் பெட்டி உடைத்தும் அப்படியே. யன்னல் வெளிச்சம்தான் காரணம் என்று பலகையைத் திருப்பினேன். மினுக்கம் இடம் மாறியது, எழுத்து தெளியவில்லை. கரியும் கோவையிலையும் சேர்த்துத் தேய்த்தால் கறுப்பு துணியோடு வந்துவிட்டது.

ஈரத்துணியால் துடைத்தபோதுதான் பிடிபட்டது. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றது. யாரோ இரும்புக் கேற்றுக்குப் பூசும் எனாமலைப் பூசியிருக்கிறார்கள். வெண்கட்டி தேய்ந்து ஒட்டச் சொரசொரப்பு வேண்டும். எனாமல் அதைக் கண்ணாடிபோல் மூடிவிடும்.

சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, 180 இலக்க சான்ட்பேப்பரால் மினுக்கம் முற்றாகப் போகும்வரை வட்டமாகத் தேய்த்தேன். தூசைத் துடைத்துவிட்டு, வாழைச்சேனையில் வாங்கிய கரும்பலகைப் பெயின்றை ஒருநாள் இடைவெளியில் 2 தடவை மெல்லிசாகப் பூசினேன். தடிப்பாய்ப் பூசினால் மேல் காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும். பிறகு 3 நாள் தொடவில்லை.

பலர் விடுவது இதைத்தான்: எழுத முன் வெண்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுதும் குறுக்கும் நெடுக்கும் தேய்த்து, உலர்துணியால் அழிக்கவேண்டும். இல்லாவிட்டால் முதலில் எழுதுவது எத்தனை தரம் அழித்தாலும் நிழலாகவே நிற்கும். இப்போது மூன்று சுழியும் கடைசி வாங்கு வரை தெரிகிறது.