மீன் குளிரறைக்குச் செப்புக் குழாயும் கட்டுப்பாட்டு வயரும் இழுக்கும் முறை

வாழைச்சேனை முதல் ஒலுவில் வரையான கரையில் மீன் குளிரறை நிறுவப்படும்போது, குழாய் வேலையை ஒருவரும் மின்வேலையை வேறொருவரும் தனித்தனி நாட்களில் வந்து செய்து முடிப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டிய வேலைகள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. ஆர் 404ஏ போன்ற எரியாத குளிரூட்டும் காஸில் இயங்கும் குளிரறைகளை மட்டுமே இது கருதுகிறது. ஆர் 290 போன்ற எரியும் காஸுக்கு வேறு விதிகள் உண்டு.

குழாயும் வயரும் சந்திக்கும் இடம், அறைக்குள் இருக்கும் குளிர்ச்சுருளுக்குத் திரவத்தைக் கொண்டுசெல்லும் குழாயிலுள்ள, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொயிட் வால்வு. அறை போதிய அளவு குளிர்ந்ததும் தெர்மோஸ்ரற் கொம்பிரசரை நேரடியாக நிறுத்தக் கூடாது. அது இந்த வால்வை மட்டும் மூட வேண்டும். கொம்பிரசர் தொடர்ந்து ஓடி, குளிர்ச்சுருளில் எஞ்சியிருக்கும் காஸை இழுத்து முடித்த பின்னர், தாழ் அழுத்தச் சுவிட்ச் அதனை நிறுத்தும். இப்படிச் செய்தால், இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் திரவம் கொம்பிரசருக்குள் இறங்கி, மீண்டும் ஓடத் தொடங்கும்போது வால்வுத் தகடுகளை உடைக்கும் ஆபத்து பெரிதும் குறைகிறது. தாழ் அழுத்தச் சுவிட்ச் நிறுத்தும் அளவு வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். போனால் சிறு கசிவு வழியாகக்கூட ஈரக் காற்று உள்ளே இழுபடும்.

வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரை வைக்கும் இடத்தை முதலில் தீர்மானியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் சூடான காற்று, அத்திசை நோக்கி வெப்பத்தை வெளித்தள்ளும் விசிறியை எதிர்த்து நிற்பதால், அழுத்தம் ஏறி உயர் அழுத்தச் சுவிட்ச் அடிக்கடி விழும் (தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும்). குழாயைத் தாங்கும் பட்டிக்கும் செப்புக்கும் இடையில் இறப்பர் வைக்க வேண்டும். உப்புக் காற்றில் செப்பும் நாகப் பூச்சிட்ட இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவில் அரித்துப்போகும்.

குளிர்ச்சுருளிலிருந்து காஸைத் திருப்பிக் கொண்டுவரும் உறிஞ்சு குழாயை, கொம்பிரசரை நோக்கி ஒரு மீற்றருக்கு 10 மில்லிமீற்றர் சரிவாக இழுக்க வேண்டும். கொம்பிரசர் குளிர்ச்சுருளை விட உயரத்தில் இருந்தால், மேலேறும் குழாயின் அடியில் ஓர் எண்ணெய் வளைவும் (எண்ணெய் சேர்ந்து காஸோடு மேலேற உதவும் U வடிவக் குழாய்), அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 5 அல்லது 6 மீற்றருக்கும் இன்னொரு வளைவும் தேவை. குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணி ஓர் அளவு கூட்டிப் போடுவது மிகப் பரவலான தவறு. மேலேறும் குழாயில் காஸின் வேகம் விநாடிக்கு 7, 8 மீற்றருக்குக் குறைந்தால் எண்ணெய் மேலே ஏறாமல் வளைவிலேயே தங்கிவிடும். கொம்பிரசர் எண்ணெயின்றி ஓடித் தேய்ந்துபோகும்.

கம்பியை உருக்கிக் குழாய்களை இணைக்கும் பிரேசிங் செய்யும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்லியதாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் யாருக்காகவும், எந்த அவசரத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். செந்நிறமாகச் சூடேறிய செப்பின் உட்புறத்தில் காற்று பட்டால் கறுப்புச் செதில் படியும். வெளியே இணைப்பு மினுங்கும். உள்ளேயோ அந்தச் செதில் உதிர்ந்து வடிகட்டியையும், குளிர்ச்சுருளுக்குத் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையையும் அடைக்கும். நான் திறந்து பார்த்த ஒரு மீன் வாடியின் குளிரறையில், இயந்திரம் நிறுவி ஓராண்டு ஆகுமுன்பே வடிகட்டி முழுவதும் கரித்தூள் போல நிறைந்திருந்தது; உள்ளே இருந்த சூரையும் அறக்குளாவும் கெட்டு, உரிமையாளருக்குப் பெரும் நட்டம் ஏற்பட்டது. செப்போடு செப்பை இணைக்க பொஸ்பரஸ் கலந்த கம்பி போதும். பித்தளையோடு இணைக்க வெள்ளிக் கம்பியும் ஃபிளக்ஸும் வேண்டும். வால்வுகளைச் சூடாக்கும் முன் அவற்றின் மின்சுருளைக் கழற்றி, உடலை ஈரத் துணியால் சுற்றுங்கள்.

அழுத்தச் சோதனைக்கு ரெகுலேற்றர் பூட்டிய நைட்ரஜன் மட்டுமே பயன்பட வேண்டும். ஒட்சிசன் எண்ணெயுடன் சேர்ந்தால் வெடிக்கும். முதலில் 5 பார் ஏற்றி இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்த பின்னர், இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிக்கப்பட்டுள்ள அளவு வரை படிப்படியாக ஏற்றி, ஓர் இரவு விட வேண்டும். பிற்பகல் 33 பாகையில் 20 பார் காட்டிய மானி, விடியற்காலை 25 பாகையில் சுமார் அரை பார் குறைவாகக் காட்டுவது இயல்பே; அது கசிவன்று. ஆகவே அழுத்தத்தோடு வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்.

குழாய்க்குள் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து வக்கியூம் எடுக்கும்போது சொலனொயிட் வால்வு திறந்திருக்க வேண்டும். மின்சுருளுக்கு மின்சாரம் கொடுத்தோ, அதற்கென விற்கப்படும் காந்தத்தை வைத்தோ அதைத் திறக்காவிட்டால், வால்வுக்கு ஒரு பக்கத்தில் காற்று அப்படியே அடைபட்டிருக்கும். மானி 500 மைக்ரோனுக்கு (வக்கியூமை அளக்கும் அலகு) கீழே இறங்கிய பின் பம்பின் வால்வை மூடி, அரை மணி நேரம் பார்க்க வேண்டும். 1,000 மைக்ரோனைத் தாண்டி ஏறினால் கசிவோ ஈரமோ இருக்கிறது. ஆர் 404ஏ உடன் பாவிக்கும் எண்ணெய் ஈரத்தை விரைந்து உறிஞ்சும் என்பதால், மாரி நாட்களில் எந்தக் குழாய் முனையையும் மூடியின்றி விடாதீர்கள். ஆர் 404ஏ மூன்று காஸ்களின் கலவை. ஆகவே அதைச் சிலிண்டரிலிருந்து திரவமாகவே, தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும்.

உறிஞ்சு குழாய்க்கான இறப்பர் உறை குறைந்தது 19 மில்லிமீற்றரும், உறைநிலை அறைக்கு 25 மில்லிமீற்றரும் இருக்கட்டும். பொருத்துகளைப் பசையிட்டு மூடுங்கள். திறந்த இடைவெளி ஒன்றில் புகும் ஈரம் உறைக்குள்ளேயே நீராகச் சேரும்.

கட்டுப்பாட்டு வயர் வேலையில், பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டே கைவைக்க வேண்டும். உயர் அழுத்தச் சுவிட்ச், தாழ் அழுத்தச் சுவிட்ச், மோட்டார் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தால் விழும் ஓவர்லோட், மின்சாரத்தில் ஒரு பேஸ் தவறினால் விழும் றிலே ஆகிய அனைத்தும், கொம்பிரசருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கொன்டாக்டரின் சுருளோடு ஒரே தொடராக நிற்க வேண்டும். எந்த ஒன்று விழுந்தாலும் கொம்பிரசர் நிற்க வேண்டும். உயர் அழுத்தச் சுவிட்ச் கையால் மீட்டமைக்கும் வகையாக இருக்கட்டும். மின்சாரம் போய்த் திரும்பினால் உடனே ஓடாதபடி 3 முதல் 5 நிமிடத் தாமத றிலேயும் வைக்க வேண்டும். 230 வோல்ற் கட்டுப்பாட்டுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் பொதுவாகப் போதும். வெப்ப உணரியின் வயரை மோட்டார் வயரோடு ஒரே குழாயில் இடாமல் விலக்கி இழுங்கள். வெளிச்சுவரில் உள்ள பெட்டிக்குள் வயர் கீழ்ப்புறமாக, தொங்கும் வளைவோடு நுழைந்தால் மழைநீர் உள்ளே வழியாது. பழைய கட்டடங்களில் சிவப்பும் கறுப்பும், புதியவற்றில் பழுப்பும் நீலமும் கலந்து கிடப்பதால், நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முனையிலும் இலக்கமிடுங்கள்.

பனி உருக்கும் வேளையில் சொலனொயிட் மூடி, கொம்பிரசர் நின்று, விசிறியும் நின்ற பின்னரே ஹீற்றர் வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் நீர் வடியச் சில நிமிடங்கள் விட்டு, சுருள் குளிர்ந்த பின்பே விசிறி சுழல வேண்டும். உள்ளே ஒருவர் அடைபட்டால் அழுத்துவதற்கான அபாய மணியை வயரிடாமல் எந்தக் குளிரறையையும் உரிமையாளரிடம் ஒப்படைக்காதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் கொம்பிரசரின் மின் பியூஸ்களைக் கழற்றிவைத்து, கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு பாதுகாப்புச் சுவிட்சையும் கையால் விழுத்தி, கொன்டாக்டர் விடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியெனக் கண்ட பின் பியூஸைப் பூட்டி, வரைபடத்தின் ஒரு பிரதியைப் பிளாஸ்ரிக் உறையிலிட்டுப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.